மச்சான் அமர்ந்திருக்கும் நிலையில்

தராசு என்கிற பேரை முதன்முதலில் என் காதில் போட்டவள் எங்கள் ஒன்றுவிட்ட அக்காவின் மூத்த நாத்தனார். அவளுடைய மகளுக்கு ஓர் இடம் கூடி வந்திருந்த நேரம் அது. பையனுக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு, "காத்தை நிறுத்துக் குடுக்குற வேலையாம். கூட வேலை பாக்குறவங்க தராசுன்னு கூப்பிடுறாங்களாம். இதுக்கு மேல என்னைக் கேக்காத, எனக்கும் அவ்வளவுதான் புரிஞ்சுது" என்றாள். காற்றை யார் நிறுத்து வாங்குவார்கள், மிஞ்சினால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்றெல்லாம் அன்றைக்கு உட்கார்ந்து சிரித்தோம். சிரித்தவர்கள் அத்தனை பேரும் பிறகு அந்தக் கல்யாணத்துக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தோம்.

வேலை உண்மையில் சிரிப்பதற்குரியது இல்லை. பெரிய அலுவலகக் கட்டடங்களில் ஜன்னலைத் திறக்க முடியாது. மேல்தளத்தில் ஒரு ராட்சத விசிறி ஓடும். அதிலிருந்து தகரத்தில் செய்த அகலக் குழாய்கள் சீலிங்குக்கு மேலே மறைந்து ஓடி, கிளை கிளையாகப் பிரிந்து, ஆங்காங்கே பதித்திருக்கும் கிரில் வழியாகக் காற்றைக் கீழே இறக்கும். கட்டி முடித்த அன்று எந்தக் கட்டடத்திலும் இது ஒழுங்காக நடக்காது. விசிறிக்குக் கிட்டே இருப்பவனுக்குத் தலைமுடி பறக்கும், கடைக்கோடியில் இருப்பவனுக்குச் சட்டை ஊறும். ஒவ்வொரு கிளைக்குள்ளும் கைப்பிடி வைத்த தகடு ஒன்று இருக்கிறது. அதைத் திருப்பினால் காற்று கூடும் அல்லது குறையும். ஆனால் ஓரிடத்தில் குறைத்த காற்று கோபித்துக்கொண்டு சும்மா இருக்காது, பக்கத்துக் கிரில்லில் போய் விழும். அங்கே குறைத்தால் அதற்கடுத்ததில் விழும். ஒரு மாடிக்கு அறுபது கிரில் இருந்தால், அறுபதுக்கும் அதனதன் பங்கு கிடைக்கிறவரைக்கும் ஏணியில் ஏறி இறங்கித் தகடு திருப்பிக்கொண்டே இருப்பதுதான் தராசின் வேலை.

கையில் ஒரு துணிக்கூடு வைத்திருப்பார். கவிழ்த்துப் பிடித்த குடை மாதிரி இருக்கும். அதைக் கிரில்லோடு சேர்த்து அணைத்துப் பிடித்தால் அடியில் இருக்கும் மீட்டர் எண் காட்டும். காட்டிய எண்ணைக் காட்டியபடி நோட்டில் எழுதுவார். எண்பத்தேழு என்றால் எண்பத்தேழுதான், தொண்ணூறு ஆகாது. சரியாக வந்த தகட்டின் கைப்பிடியில் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு போட்டு வைப்பார். அதற்குப் பிறகு யார் கை வைத்தாலும் தெரிந்துவிடும்.

இந்தத் தொழிலில் ஏணியே ஏறாதவர்கள் நிறைய உண்டு. மேஜைமேல் காலைப் போட்டுக்கொண்டு, தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஆறு மாடிக்கும் எண் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அவர்களுக்கு மேஜைக்காரர்கள் என்று பேர். தராசுக்கு அவர்களைக் கண்டால் ஆகாது. இருபத்திரண்டு வருஷத்தில் அளக்காத எண் ஒன்றைக்கூட அவர் எழுதியதில்லை.

அளப்பதை எப்போதும் கடைக்கோடியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது அவர் படித்த பாடம். எந்தக் கிரில்லுக்கு ரொம்பக் குறைவாக வருகிறதோ அதைத் தொடாமல் விட்டுவிட்டு, மற்றவற்றைக் குறைத்துக் குறைத்து அதற்கு இணையாகக் கொண்டுவர வேண்டும். அந்தப் பாடத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். சாப்பிட உட்கார்ந்தால் கடைசியில் இருக்கும் தட்டைப் பார்ப்பார். அந்தத் தட்டில் எவ்வளவு இருக்கிறதோ அதற்கு மேல் தன் தட்டில் விழாமல் கையை மறைத்துக்கொள்வார். கடைசியில் உட்காருகிறவள் அவர் பெண்டாட்டி. அவளுக்கோ பரிமாறி முடித்து உட்காரும்போது பசியே இருக்காது. புருஷன் இளைத்துத் துரும்பானதற்கு இதுதான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

கல்யாணம் பேச வந்த அன்றே மாமியார் வீட்டில் ஒரு காரியம் செய்தார். மற்றவர்கள் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் அண்ணாந்து சீலிங்கைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்ச் சமையலறைக் கதவைப் பாதி சாத்தி, புறங்கையை நீட்டி முடி ஆடுகிறதா என்று பார்த்து, இன்னும் கொஞ்சம் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். ஐந்தே நிமிஷத்தில் கூடத்தில் காற்று சுகமாக வந்தது. மாப்பிள்ளையைப் பெண்ணுக்குப் பிடித்துப்போனது அங்கேதான். மாமியாருக்குப் பிடிக்காமல் போனதும் அங்கேதான். அவள் சமையலறையில் வெந்துகொண்டிருந்தாள்.

அந்த வீட்டில் பெண்ணுக்கு ஓர் அண்ணன் இருந்தார். தராசுக்கு மச்சான். கதை இனிமேல் இவர்மேல்தான் உட்காரப் போகிறது.

மச்சான் நல்ல மனுஷன், கனமான மனுஷன். சிரித்தால் அவர் சிரிப்பது மூன்றாம் வீட்டுக்குக் கேட்கும். வலது முழங்காலில் சின்ன வயதிலிருந்தே வலி. நின்று செய்கிற வேலை அவருக்கு ஆகாது. உட்கார்ந்து செய்கிற வேலையில் தூங்கிவிடுவார். பதினோரு வேலை பார்த்து பதினொன்றும் போனது. கடைசியாக ஒரு நாற்காலி, சோபா விற்கிற கடையில் இருந்தார். விற்பனைக்கு வைத்திருந்த சோபாவிலேயே தூங்கிப்போனார். வாங்க வந்தவர்கள் அவரை எழுப்ப மனசு வராமல் பக்கத்து சோபாவை வாங்கிக்கொண்டு போனார்கள் என்று அவரே பெருமையாகச் சொல்வார். மறுநாள் கடைக்காரர் எழுப்பினார்.

அதற்குப் பிறகு வீட்டோடு இருந்தார். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. மாமியார் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு மகளையும் மருமகனையும் கூப்பிட்டு, சாப்பாட்டுக்கு நடுவில் மருமகனைப் பார்த்துக் கேட்டாள்.

"மாப்பிள்ளை, உங்க வேலையில கூட ஒரு ஆள் வேணும்தானே?"

"ஏணியைப் பிடிச்சுக்க வேணும் அத்தை."

"பிடிச்சுக்கிறதுன்னா உக்காந்துக்கிட்டே பிடிக்கலாமா?"

தராசு யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவருக்கு யோசிப்பது ஆபத்து. ஏணி நல்ல இரும்பு ஏணி, யாரும் பிடிக்காவிட்டாலும் நிற்கும் என்பது உண்மை. ஆகவே உட்கார்ந்தும் பிடிக்கலாம் என்பதும் உண்மை. அப்படியே சொல்லிவிட்டார்.

அப்போது அவர் கையில் இருந்தது ஆறு மாடிக் கட்டடம் ஒன்று. ஏற்கெனவே நான்கு மாசம் தாமதம். அளவு வேலைக்கு மாடிக்கு ஐந்து நாள். கடைசியாக மிஞ்சியது நாலாம் மாடி. மொத்தம் அறுபத்து நான்கு கிரில். புகார் வாங்குகிற பிரிவு அங்கே வரப்போகிறது என்றார்கள். பெரிய கூடம், அதன் ஓரத்தில் பழைய கோப்புகள் வைக்கும் அறைக்குப் போகிற இடைவழி. இடைவழிக்கு ஒரு கதவு. தள்ளிவிட்டால் தானே வந்து மூடிக்கொள்ளும் கதவு.

மச்சான் முதல் நாள் வந்ததும் கூடத்தை ஒரு சுற்று சுற்றினார். எங்கே உட்கார்ந்தால் சுகம் என்று கண்டுபிடிப்பதில் அவருக்கு இணை கிடையாது. தராசு மீட்டர் வைத்துத் தேடுவதை இவர் உடம்பை வைத்துத் தேடுவார். தேடி, ஒரு முக்காலியை எடுத்துப்போய் அந்த இடைவழிக் கதவுநிலையில் போட்டு, முதுகைக் கதவில் சாய்த்து உட்கார்ந்துகொண்டார். கூடத்துக் காற்றெல்லாம் அவரைத் தடவிக்கொண்டு இடைவழிக்குப் போனது. ஐந்து நாளும் அவருக்கு அதுதான் இடம். ஏணியைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஏணியும் நின்றது.

அளப்பதற்கு முன்னால் எல்லாக் கதவும் சாத்தியிருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். தராசு அதில் அசிரத்தையாக இருக்கவில்லை. தினமும் காலையில் ஏணியின் உச்சியிலிருந்து, தலை சீலிங்குக்குள் இருக்க, சத்தம் போட்டுக் கேட்பார்.

"மச்சான், கதவெல்லாம் சாத்தியிருக்கா?"

மச்சான் கழுத்தைத் திருப்பி ஒவ்வொரு கதவாகப் பார்ப்பார். வாசல் கதவு, படிக்கட்டுக் கதவு, கழிப்பறைக் கதவு, மேலாளர் அறைக் கதவு. தன் முதுகுக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்கக் கழுத்து திரும்பாது.

"சாத்தியிருக்கு மாப்ள."

ஐந்தாம் நாள் சாயங்காலம் அறுபத்து நான்கு கிரில்லும், வர வேண்டிய அளவிலிருந்து நூற்றுக்குப் பத்துக்குள் கூடியோ குறைந்தோ நின்றன. தராசு சிவப்புக் கோடு போட்டார். அத்தனை அழகான அளவு தன் வாழ்நாளில் வந்ததில்லை என்று பெண்டாட்டியிடம் சொன்னார். அவளும், அண்ணன் ராசி என்றாள்.

மறுநாள் பதினோரு மணிக்குக் கட்டடத்தை ஒப்படைக்க வேண்டும். ஆய்வாளர் வருவார். அவராகப் பத்துக் கிரில்லைக் காட்டி அளக்கச் சொல்வார். இரண்டுக்கு மேல் தப்பினால் அளந்தவருடைய ஒப்ப அட்டை ரத்து. அட்டை இல்லாதவன் கையெழுத்து எந்தக் கட்டடத்திலும் செல்லாது. தராசு இந்த வேலைக்கு வருமுன் செய்ததுபோல மறுபடியும் தகரம் தட்டப் போக வேண்டியதுதான். அதைவிட, இருபத்திரண்டு வருஷமாக ஏணி ஏறினவனும் மேஜைக்காரனும் ஒன்றாகிவிடுவார்கள்.

மச்சானுக்கு அன்றைக்கு வேலை இல்லை, ஆகவே வரவில்லை. தராசு எட்டு மணிக்கே போய் நாலாம் மாடியில் காலை வைத்தார். வைத்ததுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. வாசல் கதவு மூட மறுத்தது. அமுக்கி மூடினால் மெள்ள வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. கழிப்பறைக் கதவிடுக்கில் யாரோ விசிலடிப்பது போலச் சத்தம். கூடம் ஊதிய பலூனாக இருந்தது. துணிக்கூட்டைத் தூக்கிப் பிடித்தார். கடைக்கோடிக் கிரில்லில் பாதிதான் வந்தது. முதல் கிரில் அவர் தொப்பியைப் பறக்கவிட்டது.

சிவப்புக் கோடுகள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. மேல்தளத்துக்கு ஓடி விசிறியைப் பார்த்தார், அதன் வாரைப் பார்த்தார், வடிகட்டியைப் பார்த்தார். எல்லாம் நேற்றுப் போலவே இருந்தன. இரண்டாவது முறை ஓடினார். மூன்றாவது முறை படியிலேயே உட்கார்ந்து, நேற்று இருந்து இன்றைக்கு இல்லாதது எது என்று விரல்விட்டு எண்ணினார். பிறகு எழுந்து போய் இடைவழிக் கதவைத் திறந்தார். கதவுக்குப் பின்னால் முக்காலி இருந்தது. அதன்மேல் மடித்துப் போட்ட துண்டு இருந்தது.

தொலைபேசியை எடுத்தார்.

"மச்சான், அஞ்சு நாளும் நீங்க எங்க உக்காந்திருந்தீங்க?"

"கதவுலதான் மாப்ள. நல்ல காத்து."

"கதவெல்லாம் சாத்தியிருக்கான்னு கேட்டேனே."

"அதை நான்தானே அடைச்சுக்கிட்டு இருந்தேன்."

தராசுக்குக் கோபம் வரவில்லை. அவர் மனசு அந்த நேரத்திலும் அளவெடுத்துக்கொண்டிருந்தது. கதவுநிலையின் அகலம் இவ்வளவு, மச்சானின் அகலம் இவ்வளவு, இரண்டு பக்கமும் மிஞ்சுகிற இடுக்கு இவ்வளவு. அந்த இடுக்கு வழியாகப் போன காற்றையும் சேர்த்துத்தான் அறுபத்து நான்கு தகட்டையும் அவர் திருப்பி வைத்திருந்தார். இனிக் கதவை மூடிச் சரிசெய்ய வேண்டுமானால் முதலிலிருந்து ஐந்து நாள். இருந்தது ஒன்றரை மணி நேரம். கதவைக் கல் வைத்துத் திறந்தால் இடுக்கு பெரிது. பாதி திறந்து அட்டைப்பெட்டி வைத்தார், பெட்டியைக் காற்று தள்ளிவிட்டது. வேறு வழியில்லாமல், புறப்பட்டு வரச் சொன்னார்.

மச்சான் இரண்டு பேருந்து மாறி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பத்து ஐம்பதுக்கு வந்து சேர்ந்தார். உட்கார்ந்தார். விசில் நின்றது. வாசல் கதவு தானாக வந்து மூடிக்கொண்டது.

ஆய்வாளர் வந்ததும் தராசு எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். பேச்செல்லாம் அளவுக்கு அப்புறம் என்று ஆய்வாளர் கையைக் காட்டி நிறுத்தினார். பத்துக் கிரில்லைத் தேர்ந்தெடுத்தார். ஒன்பதும் வெண்ணெய் மாதிரி வந்தன. பத்தாவது, இடைவழிக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆய்வாளர் அந்தப் பக்கம் நடந்து வந்ததும் மச்சான், மரியாதை தெரிந்தவர் ஆயிற்றே, முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் எழுந்து நின்று கும்பிட்டார். பின்னால் கதவு தடாரென்று மூடியது. மீட்டரில் எண் குப்புற விழுந்தது. கூட வந்திருந்த கட்டட மேலாளர் கையில் இருந்த ஒப்படைப்புப் பத்திரங்கள் கூடம் முழுக்கப் பறந்தன.

ஆய்வாளர் மீட்டரைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். உட்காரச் சொன்னார். எண் ஏறியது. எழுந்திருக்கச் சொன்னார். எண் இறங்கியது. இப்படி நாலு தடவை. ஐந்தாவது தடவை மச்சான் மூட்டு வலிக்கிறது என்றார்.

"இவர் யாரு?"

"என் மச்சான் சார்."

"அது இருக்கட்டும். இங்க எதுக்கு உக்காந்திருக்காரு?"

தராசு ஒன்று விடாமல் சொன்னார். ஐந்து நாளும், முக்காலியும், துண்டும் உட்பட. சொல்லி முடித்து, சட்டைப் பையிலிருந்து ஒப்ப அட்டையை எடுத்து நீட்டினார். ஐந்து நாள் கொடுத்தால் கதவை மூடி வைத்து மறுபடி அளக்கிறேன், இல்லையென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஐந்து நாள் என்றதும் மேலாளருக்கு முகம் வெளுத்தது. மறுநாள் காலையில் முந்நூறு பேர் மேஜை தேடி வரப்போகிறார்கள். ஆய்வாளர் அட்டையை வாங்கவில்லை. அவர் விதியை மீறாதவர், விதியில் இல்லாததைத் தானாகச் சேர்க்கவும் மாட்டாதவர். பையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்து, கண்ணாடியைத் துடைத்து, ஒரு பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

"கதவு மூடியிருக்கணும்னு இதுல இல்ல. கட்டடம் வழக்கமா எப்படி இருக்குமோ அப்படி இருக்கும்போது அளக்கணும்னுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு மச்சான் பக்கம் திரும்பினார். "நீங்க வழக்கமா இங்கதான் இருப்பீங்களா?"

மச்சான் மேலாளரைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"எனக்கு வேற ஜோலி எதுவும் இல்லீங்க" என்றார்.

இருபது நிமிஷத்தில் நியமன உத்தரவு தட்டச்சாகி வந்தது. நாலாம் மாடி இடைவழிக் கதவுநிலைப் பணியாளர், ஒன்பது மணி முதல் ஐந்து மணி வரை. பதினோரு வேலை கைவிட்ட மனுஷனுக்குப் பன்னிரண்டாவது வேலை உட்கார்ந்த இடத்துக்கே வந்தது.

அறிக்கையில் 'அளக்கும்போது இருந்த நிலை' என்று ஒரு கட்டம் உண்டு. எல்லோரும் அதில் 'சாதாரணம்' என்று எழுதிவிட்டுப் போவார்கள். தராசு பேனாவை எடுத்து, நிறுத்தி நிதானமாக, 'நாலாம் மாடி இடைவழிக் கதவில் மச்சான் அமர்ந்திருக்கும் நிலையில்' என்று எழுதினார். மேலாளர் எட்டிப் பார்த்துவிட்டு, மச்சான் என்பதை அடித்துவிட்டு ஒரு நபர் என்று போடச் சொன்னார். தராசு மறுத்துவிட்டார்.

"வேற ஆளை உக்காரவச்சு நான் அளக்கலையே சார்."

அந்த அறிக்கையைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கீழ்த்தளத்தில் மாட்டியிருக்கிறார்கள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் நின்று படிப்பார்கள். சிலபேர் பார்த்துவிட்டுப் போகலாமென்று நாலாம் மாடிக்கே ஏறி வருவார்கள். மச்சான் கும்பிடமாட்டார். எழுந்திருக்கக்கூடாது என்று உத்தரவு. தலையை மட்டும் அசைப்பார்.

ஏழு வருஷம் ஓடியது. மச்சான் கழிப்பறைக்குப் போகும்போது கையைத் தட்டுவார். உடனே புகார்ப் பிரிவில் அத்தனை பேரும் மேஜைமேல் இருக்கும் காகிதங்களை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு, அவர் திரும்பி வரும்வரை அப்படியே இருப்பார்கள். பார்க்க ஏதோ மௌன அஞ்சலி மாதிரி இருக்கும். புகார் கொடுக்க வந்தவர்களும் எதற்கென்று தெரியாமலே எழுந்து நிற்பார்கள். ஒரு தடவை வைத்தியர் சொன்னார் என்று மச்சான் எட்டுக் கிலோ இளைத்தார். கடைக்கோடிக்காரர்களுக்கு வேர்க்கத் தொடங்கியது. முன் அனுமதி இன்றி உடம்பைக் குறைத்தது ஏன் என்று விளக்கம் கேட்டு அவருக்கு ஓலை வந்தது. தங்கை அண்ணன் சட்டைக்கு உள்பக்கம் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்து அந்தக் கண்டத்தைத் தாண்டவைத்தாள். தராசு மூன்று மாசத்துக்கு ஒரு தடவை துணிக்கூட்டோடு வந்து அளந்து, பஞ்சு கூட்டவோ குறைக்கவோ சொல்லிவிட்டுப் போவார்.

வேலை கிடைத்ததில் மச்சான் ஆளே மாறிப்போனார். இவ்வளவு பேர் சுகமாக மூச்சுவிடத் தான் காரணம் என்று தெரிந்ததும் தூக்கம் அவரை விட்டுப் போய்விட்டது. ஏழு வருஷத்தில் ஒரு நாள்கூட முக்காலியில் கண் அசந்ததில்லை. கழுத்தில் மாட்டிய அடையாள அட்டையை ஞாயிற்றுக்கிழமையும் கழற்றமாட்டார். மாமியாரும் மாறினாள். வருகிறவர்களிடமெல்லாம், மருமகன் கையைக் காத்துல வீசினாலே ஒரு உத்தியோகம் வரும் என்று சொல்ல ஆரம்பித்தாள். தராசின் தட்டில் அள்ளி அள்ளிப் போட்டாள். அவர் கையை வைத்து மறைத்தால் கைமேலேயே போட்டாள்.

தராசுக்கு மட்டும் அந்தச் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. எண்ணில் பொய்யில்லை, சரிதான். ஆனால் அது தப்பில் நிற்கிற எண். கதவு என்றால் மூட வேண்டும், மூடிய கதவை வைத்து அளந்திருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை மேலாளருக்குக் கடிதம் எழுதினார், ஐந்து நாள் கொடுங்கள், செய்த தப்பைத் திருத்திக்கொடுக்கிறேன் என்று. எழுதிய கடிதத்தைப் பெண்டாட்டியிடம் காட்டினால் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்.

"திருத்திட்டா அண்ணன் எங்க போய் உக்காரும்?"

அவர் கடிதத்தை மடித்து உறையில் போடுவார். மறுநாள் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு, பதில் வரக்கூடாது என்று பயந்துகொண்டே இருப்பார்.

பதில் போன வருஷம் வந்தது. மச்சானுக்கு முழங்கால் ஒரேயடியாக மடங்கிவிட்டது. அறுத்து வேறு மூட்டு வைக்க வேண்டும், குறைந்தது மூன்று மாசம் நடக்கக்கூடாது என்றார்கள். கட்டடத்துக்குப் புதிதாக வந்திருந்த மேலாளர் தராசைக் கூப்பிட்டு அனுப்பி, அவர் எழுதிய ஏழு கடிதத்தையும் மேஜைமேல் வரிசையாக அடுக்கிக் காட்டினார். கேட்ட ஐந்து நாளை எடுத்துக்கொள்ளுங்கள், கதவை மூடி அளந்து கொடுங்கள், அந்தக் கதவுநிலை உத்தியோகத்தையே எடுத்துவிடலாம் என்றார். அப்படி முடியாதென்றால், இந்த மூன்று மாசத்துக்கு அதே அகலத்தில் ஓர் ஆளைக் கொண்டுவர வேண்டும், இரண்டில் எது என்று திங்கட்கிழமை காலைக்குள் சொல்ல வேண்டும் என்று முடித்துக்கொண்டார்.

ஏழு வருஷமாகக் கேட்டது கைக்கு வந்துவிட்டது. தராசு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனார். மச்சான் கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். மேலே சட்டை இல்லை. அடையாள அட்டை இருந்தது. தராசு உட்காருவதற்கு முன்பே கையைப் பிடித்துக்கொண்டார்.

"அங்க காகிதம் எல்லாம் பறக்குமே மாப்ள. எப்படிச் சமாளிக்கிறாங்க?"

"சமாளிக்கிறாங்க மச்சான்."

"எனக்குப் பயமே இல்ல. நீங்க என் பேரைச் சொல்லி எழுதி மாட்டியிருக்கீங்க. நீங்க எழுதினா அது மாறாது. அந்தத் தைரியத்துலதான் கத்திக்குப் படுத்தேன்."

தராசு கையை மெள்ள விடுவித்துக்கொண்டார். அறையின் கதவைக் கொஞ்சம் சாத்தி, புறங்கையை நீட்டிப் பார்த்து, காற்று கட்டில் பக்கம் வருகிறாற்போலச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அந்த வாரம் அவருக்குப் பத்து மாடிக் கட்டடம் ஒன்று பேசியிருந்தார்கள். அதை வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அது ஒரு மேஜைக்காரனுக்குப் போனது. பெண்டாட்டியிடம் வீட்டில் தலையணை எத்தனை இருக்கிறது என்று கேட்டார்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. கடைக்கோடித் தட்டைப் பார்த்தே இளைத்த மனுஷனை அவளுக்குத் தெரியாதா. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து இரண்டு தலையணைக்கு நாடா வைத்துத் தைத்தாள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

"எங்க அண்ணன் அளவுக்கு வர உங்களுக்கு ஏழு ஜென்மம் ஆகும்" என்றாள், முடிச்சைப் போட்டு இழுத்துக்கொண்டே.

"அளந்து பாத்தாத்தானே தெரியும்" என்றார்.

திங்கட்கிழமை காலையில் மேலாளர், கொண்டுவந்த ஆள் எங்கே என்று கேட்டார். தராசு தலையணைகளைக் காட்டினார். நாலாம் மாடியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தபடி அளக்க முடியாதல்லவா, அதனால் புகார்ப் பிரிவிலேயே மூத்த அம்மா ஒருத்தரை ஏணியில் ஏற்றி, துணிக்கூட்டைப் பிடிக்கச் சொல்லி, எண்ணைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். முதல் தடவை காற்று கொஞ்சம் கம்மியாகப் போனது. முன் தலையணையிலிருந்து இரண்டு பிடி பஞ்சை எடுத்தார். மறுபடி படித்தார்கள். இன்னும் அரைப் பிடி எடுத்தார். மத்தியானம் மூன்று மணிக்கு அறுபத்து நான்கும் நூற்றுக்குப் பத்துக்குள் வந்து நின்றன. கீழ்த்தளத்துக் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றச் சொல்லி, அறிக்கையின் அடியில் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: 'மச்சான் திரும்பும் வரை தற்காலிகமாக, தராசு, இரண்டு தலையணையுடன், இரண்டரைப் பிடி பஞ்சு நீக்கி.' அதற்கும் கையெழுத்துப் போட்டார்.

மூன்று மாசம் என்றது எட்டு மாசமாகிவிட்டது. மச்சான் இப்போதுதான் கோல் ஊன்றி வீட்டுக்குள் நடக்கிறார். போன வாரம் அவரைப் பார்க்கப் போனவர்களிடம், மாப்பிள்ளை முதுகைக் கதவில் நேராகச் சாய்க்கிறாரா, கோணலாகச் சாய்க்கிறாரா என்று விசாரித்தாராம்.

தராசு நாலாம் மாடியில், இடைவழிக் கதவில் இருக்கிறார். காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி வரை.